பாதிக்கு மேல் ஒன்று

சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டுகள். 2022 மார்ச் 4 அன்று தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் வாக்களித்தபோது தி.மு.க.வுக்கு 15, அ.தி.மு.க.வுக்கு 15 என்று வந்து நின்றது. விதிப்படி சீட்டுக் குலுக்கினார்கள், தி.மு.க.வின் உமாமகேஸ்வரி தலைவரானார். மூன்றாண்டு கழித்து, 2025 ஜூலையில், அதே மன்றம் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து 28 வாக்குகளால் அவரை இறக்கியது. இந்த இரண்டு எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். சரிபாதியாகப் பிளந்து கிடந்த மன்றம் ஏறக்குறைய ஒரே குரலில் பேசியது தலைவரை வீட்டுக்கு அனுப்பத்தான். இடையில் ஊரார் நகராட்சிக்கு மறுபடி வாக்களிக்கவில்லை. 15 பேர் எப்போது, எதற்காக, யாரோடு பேசி 28 ஆனார்கள் என்பது எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறவில்லை.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத உள்ளாட்சி மன்றம் என்றாலே நம்மிடம் ஒரு முகச்சுளிப்பு உண்டு. இழுபறி, குதிரை பேரம், கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வைத்தல், கூட்டத்துக்கு ஆள் சேராமை, வேலை முடக்கம் என்று பட்டியல் நீளும். பாதிக்கு மேல் ஒன்று இருந்துவிட்டால் இதெல்லாம் இராது என்பது அந்த முகச்சுளிப்புக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. திருநெல்வேலிச் சீமையின் அண்மைக்கால வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தரவில்லை. பெரும்பான்மை இல்லாத மன்றம் கெடுவதற்கு எண்ணிக்கை காரணமில்லை என்பதே என் வாதம். உறுப்பினர்கள் செய்துகொள்ளும் உடன்பாடு வெளியே தெரியாமல் இருப்பதும், தலைவரைத் தேர்ந்த மறுநாள் முதல் மன்றத்துக்கு வேலை இல்லாமல் போவதுந்தான் காரணம். அந்த இரண்டும் இருக்கும்வரை அசுரப் பெரும்பான்மை கொண்ட மன்றமும் இழுபறி மன்றம் போலவே நடந்துகொள்ளும்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம், சீமையின் தலைநகரே போதும். 2022 தேர்தலில் திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளில் 51 தி.மு.க. கூட்டணிக்கு, அ.தி.மு.க.வுக்கு நான்கு. இதைவிடத் தெளிவான தீர்ப்பை ஓர் ஊர் தர முடியாது. ஆனால் மேயர் பி.எம். சரவணனுக்கும் அவர் கட்சி கவுன்சிலர்களுக்கும் இடையே தொடங்கிய பிணக்கு, 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம்வரை போனது. அதைக் கொண்டுவந்தவர்கள் சொந்தக் கட்சிக்காரர்கள். விவாதத்துக்குக் குறித்த நாளில் ஒருவர்கூட மன்றத்துக்கு வரவில்லை. தீர்மானம் தானாக விழுந்தது. ஆறு மாதம் கழித்து மேயரே ராஜினாமா செய்தார். 2024 ஆகஸ்ட் 5 அன்று நடந்த மேயர் தேர்தலில் கட்சி அறிவித்த ராமகிருஷ்ணனுக்கு 30 வாக்குகள், போட்டியாக நின்ற அதே கட்சிக் கவுன்சிலருக்கு 23. எதிர்க்கட்சியின் பலம் நான்குதான். அந்த நான்கும் போட்டி வேட்பாளருக்கே விழுந்ததாக வைத்துக்கொண்டாலும், குறைந்தது 19 வாக்குகள் ஆளுங்கூட்டணியின் மடியிலிருந்து போயிருக்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் காஞ்சிபுரத்திலும் ஏறக்குறைய இதே நாடகம் நடந்தது: மேயர்மீது தீர்மானம், குறித்த நாளில் காலி நாற்காலிகள். 55இல் 51 வைத்திருந்த கூட்டணிக்கே மன்றத்துக்குள் பெரும்பான்மை நிலைக்கவில்லை என்றால், நாம் பெரும்பான்மை என்று எதைச் சொல்கிறோம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இதற்குப் பாதி விடை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகர்ப்புற மன்றத் தலைவரை எப்படித் தேர்வது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. தமிழ்நாடு அந்த விருப்பத்தைத் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறது. 1996இலும் 2001இலும் மக்களே நேரடியாகத் தேர்ந்தார்கள், 2006இல் கவுன்சிலர்கள், 2011இல் மறுபடி மக்கள், 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மறுபடி கவுன்சிலர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தந்த நேரத்து ஆளுங்கட்சி சொன்ன காரணம் நிர்வாகச் சீர்மை. நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம். 2022இல் பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 மறைமுகத் தேர்தல். முடிவு தெரிந்ததிலிருந்து தலைவர் தேர்தல்வரை பத்து நாள். அந்தப் பத்து நாளில் நடந்த பேச்சுகள்தான் அடுத்த ஐந்தாண்டின் அடித்தளம்; அவற்றில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. வாக்கு ரகசியம் வேறு. கட்சித்தாவல் தடைச்சட்டமான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது. கவுன்சிலரை அது தொடாது. ஆகவே கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களிலேயே ஆளுங்கட்சியினர் போட்டியிட்டு வென்றார்கள். நெல்லிக்குப்பம் விடுதலைச் சிறுத்தைகளுக்கு என்று ஒதுக்கியது, தேனி காங்கிரசுக்கு. இரண்டிலும் உட்கார்ந்தது தி.மு.க.காரர். வென்றவர்கள் உடனே விலக வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலின் அன்றைக்கே அறிக்கை விட வேண்டியதாயிற்று. பேச்சு கூட்டணித் தலைமைகளுக்கு இடையே நடந்தது, பேரம் மன்றத்துக்குள் நடந்தது. இரண்டுக்கும் பாலம் இல்லை.

இங்கிலாந்தின் நகர மன்றங்களை இங்கே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதில் பயன் உண்டு. அங்கே எந்தக் கட்சிக்கும் பாதி எட்டாத மன்றங்கள் அபூர்வம் அல்ல. ஒவ்வொரு மே மாதத் தேர்தலுக்குப் பிறகும் ‘யாருக்கும் முழுப் பிடி இல்லை’ என்று ஒரு தனிப் பத்தியில் அவற்றை எண்ணிப்போடுவார்கள். ஷெஃபீல்டு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நெடுஞ்சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பேரில் நல்ல நிலையில் இருந்த தெருமரங்களை வெட்டியதால் வந்த சண்டை, மன்றத்தின் நிர்வாக முறை மேலேயே மக்களைச் சந்தேகப்பட வைத்தது. 2021 மே மாதம் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன: 84 பேர் கொண்ட மன்றத்தில் தொழிற்கட்சி பெரும்பான்மையை இழந்தது, தலைவரும் சிறு அமைச்சரவையும் ஆளும் முறை வேண்டாம், எல்லாக் கட்சிகளும் உட்காரும் குழுக்கள் ஆளட்டும் என்று பொது வாக்கெடுப்பில் ஊரார் சொன்னார்கள். 2022 முதல் குழுத் தலைமைகள் மூன்று கட்சிகளுக்கிடையே பிரிந்தன. இதில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது அவர்களின் நற்குணத்தை அன்று, 1989ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தை. மன்றத்தில் கட்சிகளுக்குள்ள பலத்தின் விகிதப்படிதான் குழு இடங்களைப் பிரிக்க வேண்டும் என்கிறது அது. தோற்ற கட்சிக்கும் வேலை இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு நாற்காலிக்காக எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. எல்லாம் சுமுகம் என்று சொல்லவும் முடியாது. குழு முறை மெத்தனமானது, அதைக் கடைப்பிடிக்கும் மன்றங்கள் தலைவர்-அமைச்சரவை முறைக்கே திரும்ப வேண்டும் என்ற மசோதா 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே வந்தது. மெத்தனம் மெய்தான். ஆனால் மெத்தனத்துக்கும் முடக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நம் மன்றங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது திசையன்விளைக்கு வருவோம். தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் முருங்கையும் சூழ்ந்த சந்தையூர். 18 வார்டுகள் கொண்ட பேரூராட்சி. இரட்டைப்படை எண் என்பதால் ஒன்பதுக்கு ஒன்பது என்ற கணக்குக்கு எப்போதும் இடம் உண்டு. இந்த ஊர் அடங்கிய ராதாபுரம் தொகுதி, ஒற்றை வாக்கின் எடையைத் தமிழ்நாட்டுக்கே காட்டிய தொகுதி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 வாக்குகளில். வழக்கு மறுஎண்ணிக்கைவரை போய் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. எண்ணிக்கையை இவ்வளவு கூர்மையாகப் பார்க்கப் பழகிய ஊரில், பேரூராட்சி மன்றம் எதை முடிவுசெய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குடிநீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது; கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் தேரிப் பகுதிக்குக் கொண்டுவரும் கால்வாய் பொதுப்பணி, நீர்வளத் துறைகளின் வேலையாகப் பல ஆண்டுகள் இழுத்து 2025இல் திறப்பு விழா கண்டது. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. செயல் அலுவலர் மாநில அரசின் ஊழியர். அவருக்கு மேலே உதவி இயக்குநர், அதற்கு மேலே இயக்குநரகம். மன்றத்தின் கைக்கு வருவது தெருவிளக்கு, வாறுகால், குப்பை, சொத்து வரி, சந்தைக் குத்தகை ஏலம், பேருந்து நிலையக் கட்டணம், அரசு நிதியில் வரும் சிமெண்ட் சாலையை எந்தத் தெருவில் போடுவது என்பது. இவை சின்னக் காரியங்கள் இல்லை. ஆனால் இவற்றுக்கும் பணமும் அனுமதியும் மேலிருந்து வர வேண்டும்.

இந்த அமைப்பை வைத்துக்கொண்டு ஒரு சுயேச்சைக் கவுன்சிலரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தெற்கே சுயேச்சை என்றால் கட்சியில்லாதவர் என்று எண்ணுவது ஏமாளித்தனம். சீட்டுக் கிடைக்காத கட்சிக்காரராகவோ, ஒரு தெருவின் ஆளாகவோ, உறவின்முறையின் ஆளாகவோ இருப்பார். அவர் தன் தெருவுக்கு வாறுகால் கட்டித்தர வாக்குக் கொடுத்து வந்தவர். அந்த வாக்கைக் காப்பாற்ற மாநிலத்தில் ஆளும் கட்சியின் பக்கம் சாய்வதுதான் அவருக்குச் சுருக்கு வழி, உள்ளூரில் அந்தக் கட்சிக்கு மூன்றே இடங்கள் இருந்தாலும். இதைக் கொள்கையின்மை என்று திட்டுவதில் பயனில்லை. நிதி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தெரு சாயும். கெடுதி அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அவர் சாய்ந்தது என்ன நிபந்தனையில் என்று ஊருக்குத் தெரியாது. வாறுகாலுக்காகச் சாய்ந்தவரும் வேறு எதற்காகவோ சாய்ந்தவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள். நேர்மையானவருக்குத் தன் நேர்மையைக் காட்ட வழியில்லை. மறைந்து போடும் வாக்கு பொதுவாக்காளரைக் காப்பதற்காகப் பிறந்தது. பிரதிநிதிக்கு அதே திரையைக் கொடுத்தால் அது பாதுகாப்பது யாரை?

இதற்கு உடனே வரும் மறுமொழி: தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தால் பேரமே இராதே. வலுவான வாதம். கிராம ஊராட்சித் தலைவரை இன்றும் அப்படித்தான் தேர்கிறோம். ஆனால் நேரடித் தேர்தல் பிணக்கைத் தீர்ப்பதில்லை, மேயர் அறைக்கும் மன்றக் கூடத்துக்கும் நடுவே கொண்டுபோய் வைக்கிறது. லண்டனின் குரோய்டன் பரோவில் 2022 மே மாதம் மக்கள் நேரடியாகத் தேர்ந்த மேயர் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த ஜேசன் பெர்ரி. அதே நாளில் தேர்ந்த 70 பேர் மன்றத்தில் தொழிற்கட்சிக்கு 34, கன்சர்வேட்டிவ்களுக்கு 33, பசுமைக் கட்சிக்கு 2, லிபரல் ஜனநாயகவாதிகளுக்கு 1. யாருக்கும் பாதி இல்லை. 2023 மார்ச்சில் மேயர் வரியை 15 சதவீதம் உயர்த்தும் வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது மன்றம் தள்ளியது. சில நாளில் எதிர்த்தரப்பு ஒதுங்கி நின்றதால் நிறைவேறியது. நம் பக்கத்திலும் ஒரு சான்று இருக்கிறது. 2011இல் திருநெல்வேலி மேயராக நேரடித் தேர்தலில் வென்ற விஜிலா சத்யானந்த் 2014இல் மாநிலங்களவைக்குப் போனார். அந்த இடத்துக்கு வந்த நேரடி இடைத்தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை, எதிர்த்து நின்ற பா.ஜ.க. வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்று அ.தி.மு.க.விலேயே சேர்ந்தார், புவனேஸ்வரி போட்டியின்றி மேயரானார். பெயர் நேரடித் தேர்தல், வாக்களித்தவர் எவரும் இல்லை. பேரம் நடக்க வாய்ப்பிருந்தால் முறையை மாற்றினால் மட்டும் அது போய்விடாது.

இரண்டாவது மறுமொழி, கவுன்சிலருக்கும் கட்சித்தாவல் தடை வேண்டும் என்பது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே உள்ளாட்சிகளுக்கென்றே அப்படி ஒரு சட்டம் 1999 முதல் உண்டு. பலனைப் பார்ப்போம். கோட்டயம் நகராட்சியில் 2020 தேர்தலுக்குப் பிறகு இடது முன்னணிக்கு 22, ஐக்கிய முன்னணிக்குச் சுயேச்சை பின்சி செபாஸ்டியனையும் சேர்த்து 22, பா.ஜ.க.வுக்கு 8. குலுக்கலில் பின்சி தலைவரானார்; 2021 செப்டம்பரில் பா.ஜ.க. ஆதரவோடு இடது முன்னணி அவரை இறக்கியது. நவம்பரில் மறுபடி அவரே வந்தார். திருச்சூர் மாநகராட்சியில் காங்கிரசின் போட்டி வேட்பாளராக வென்ற எம்.கே. வர்கீஸ் இடது முன்னணியின் ஆதரவில் மேயரானார். சட்டம் இருந்தும் நாற்காலி ஆடியது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு: யார் யாரை ஆதரித்தார்கள் என்று கோட்டயத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். கேரளத்தில் தலைவர் தேர்தலில் உறுப்பினர் வாக்குச்சீட்டின் பின்புறம் தன் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். இடதுசாரிகள் பா.ஜ.க. வாக்கைப் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவர்கள் வெளியில் பதில் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து. தாவல் தடைச்சட்டம் கட்சித் தலைமையின் கையில் இன்னொரு சாட்டையாகும். நெல்லிக்குப்பத்தில் நடந்தது தவறு என்று சொல்லும்போதே, மாநிலத் தலைமை சொன்னவருக்கு வாக்களிக்க மறுத்ததற்காக ஒரு கவுன்சிலரின் பதவியைப் பறிப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். ஊர் தேர்ந்தவரை ஊர் கேட்கட்டும்.

இன்னொரு கவலை நியாயமானது: உடன்பாடு வெளிப்படையாக இருந்தாலும் பெரும்பான்மை இல்லாத மன்றம் நிலையற்றதுதானே? யாழ்ப்பாணம் மாநகர சபையை எடுத்துக்கொள்வோம். வட்டாரத்துக்கு 60, விகிதாசாரத்துக்கு 40 என்ற கலப்பு முறையில் 2018 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 45 பேர் சபையில் தமிழரசுக் கட்சிக்கு 16 மட்டுமே. அக்கட்சியின் இம்மானுவேல் ஆர்னோல்ட் மேயரானார். 2020 டிசம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றது. சட்டப்படி பதவி போனது. ஆண்டின் கடைசி நாள்களில் மணிவண்ணன் 21க்கு 20 என்ற கணக்கில் மேயராக வந்தார். நிலையற்ற சபை என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஆர்னோல்டை இறக்கியது எது என்று பாருங்கள்: அடுத்த ஆண்டு பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற திட்டம். உறுப்பினர்கள் நிதித் திட்டத்தைக் கையிலெடுத்து எதிர்த்தார்கள். காரணம் அரசியலாக இருந்தாலும் களம் மன்றத்தின் வேலையாகவே இருந்தது. நம்மிடமோ தலைவரை நீக்க மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். நிலைத்தன்மைக்காக வைத்த உயரமான வேலி இது. அதைத் தாண்ட முடியாத கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வராமல் இருப்பதையும், வெளிநடப்பையும், பொருள்களை ஒத்திப்போடுவதையும் ஆயுதமாக்கிக்கொள்கிறார்கள். தலைவர் பத்திரமாக இருக்கிறார், வாறுகால்தான் நிற்கிறது. சிவகங்கை மாவட்ட ஊராட்சியில் 16 பேர் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து, 2020 ஜனவரியில் நடக்க வேண்டிய தலைவர் தேர்தல் கூட்டத்துக்குப் போதிய ஆள் சேராமல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது இதே நோயின் இன்னொரு குறி.

வார்டுகளை ஒற்றைப்படையாக்கினால் சமநிலை வராதே என்று ஒரு யோசனை அவ்வப்போது கிளம்பும். ஓர் உறுப்பினர் காய்ச்சலில் படுத்தால் ஒற்றை இரட்டையாகிவிடும், அதை விட்டுவிடலாம். வெளிப்படை வாக்குக்குப் பயனுள்ள முன்மாதிரி சண்டிகரில் இருக்கிறது. 35 வார்டுகள் கொண்ட அந்த மாநகராட்சியில் 2021 டிசம்பரில் ஆம் ஆத்மிக்கு 14, பா.ஜ.க.வுக்கு 12, காங்கிரசுக்கு 8, அகாலி தளத்துக்கு 1. முதல் மேயர் தேர்தலிலேயே ஒரு வாக்கு செல்லாததாகி, குறைந்த இடம் பெற்ற கட்சி ஒரு வாக்கில் வென்றது. 2024 ஜனவரியில் தேர்தல் நடத்திய அலுவலர் எட்டு வாக்குச்சீட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார். அவர் சீட்டுகளில் கோடு போடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 20 அன்று முடிவைப் புரட்டி, குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு 2025 ஜூனில் அங்கே ரகசிய வாக்கை எடுத்துவிட்டுக் கைதூக்கி வாக்களிக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்குக் காலம் ஐந்தாண்டுதான். அடுத்த தேர்தலுக்கு முன் விதிகளில் மூன்று வரி சேர்த்தால் போதும்: தலைவர் தேர்தலில் வாக்குச்சீட்டின் பின்புறம் உறுப்பினரின் கையெழுத்து, ஆதரவுக்கு ஈடாகப் பேசிய வேலைகளை முதல் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் பதிவது, வரி, ஒப்பந்தம், சுகாதாரக் குழுக்களில் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இடம். திசையன்விளையின் சந்தைக் குத்தகை யாருக்குப் போகிறது என்பதைப் பார்க்கும் குழுவில் தோற்ற தரப்பின் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், தலைவர் நாற்காலி ஒன்பதுக்கு ஒன்பதில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பற்றிச் சந்தைக் கடைக்காரருக்கு இவ்வளவு கவலை இராது.